குடி, போதைப்பொருள் ஆய்வு பழக வருபவருக்கு

ஆறு வருடம் போதை மீட்பு வார்டு ஒன்றில் ஆலோசகராக இருந்தேன். அந்த ஆறு வருடத்தில் எனக்குள் ஒரு நம்பிக்கை ஊறிப்போனது. ஹெராயினில் விழுந்தவர் மீளவே மாட்டார், இன்று டிஸ்சார்ஜ் ஆகிறவர் மூன்று மாதத்தில் அதே கட்டிலுக்குத் திரும்புவார் என்று நினைத்தேன். கண்ணால் பார்த்ததைத்தான் நம்பினேன். பிறகு ஓர் ஆய்வுக் குழுவில் பேட்டி எடுப்பவராகச் சேர்ந்தபோது, அங்கிருந்த மூத்தவரிடம் இதைச் சொன்னேன். அவர் என்னிடம், "சரிம்மா, மீண்டவர் எதற்காக உங்கள் வார்டுக்கு வருவார்?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. ஆறு வருடமும் நான் பார்த்தது திரும்பி வந்தவர்களை மட்டும்தான். வராதவர் நன்றாக இருக்கிறாரா, இறந்துவிட்டாரா என்பதே எனக்குத் தெரியாது. அந்த ஒரு கேள்வியில்தான் என் ஆய்வுப் படிப்பு தொடங்கியது.

இப்போது நான் புதியவர்களுக்குச் சொல்லித்தருகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது, "எந்த சாஃப்ட்வேர் படிக்கணும்?" அது பிறகு வரட்டும். எந்தக் கட்டுரையைக் கையில் எடுத்தாலும், எந்தப் படிவத்தை நீங்களே எழுதினாலும், இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். இதில் எதை எண்ணியிருக்கிறார்கள்? இந்த எண்ணிக்கைக்குள் வராமல் போனவர் யார்?

வராமல் போனவர்கள்

இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். இந்தத் துறையில் பெரிய தவறுகள் நடந்ததும் பெரிய கண்டுபிடிப்புகள் வந்ததும் அங்கேதான்.

1946ல் ஜெல்லினெக் என்ற ஆய்வாளர் குடிநோய் எப்படிப் படிப்படியாக முற்றுகிறது என்று எழுதினார். அதற்கு ஆதாரம், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் பத்திரிகை வழியாக உறுப்பினர்களுக்குப் போன ஒரு கேள்வித்தாள். திரும்பி வந்தவை 158. பெண்கள் அனுப்பியவை உட்பட சிலவற்றை விலக்கிவிட்டு, 98 ஆண்களின் பதில்களை வைத்து எழுதினார். அந்த அமைப்பில் சேர்ந்து, அந்தப் பத்திரிகை கைக்கு வந்து, படிவத்தை நிரப்பித் திருப்பி அனுப்பிய 98 ஆண்கள் அவர்கள். அதிலிருந்து பிறந்த படிநிலைப் படம் பல காலம் உலகம் முழுக்க வார்டுகளின் சுவரில் தொங்கியது. அதைக் காட்டி நானும் எத்தனையோ குடும்பங்களுக்கு விளக்கியிருக்கிறேன்.

இதற்கு நேர் எதிராக நடந்த வேலை லீ ராபின்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளருடையது. வியட்நாமில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் பலர் ஹெராயின் பிடிக்கிறார்கள் என்று 1971ல் பெரிய பயம் கிளம்பியது. ராபின்ஸ் மருத்துவமனைக்குப் போகவில்லை. 1971 செப்டம்பரில் ஊர் திரும்பிய சிப்பாய்களின் பட்டியலை எடுத்து, அதிலிருந்து சிலரை மாதிரியாக எடுத்து, ஒவ்வொருவராகத் தேடிப் போய்ப் பேசினார். வியட்நாமில் அடிமையாக இருந்ததாகச் சொன்னவர்கள் சுமார் 20 சதவீதம். அவர்களில், திரும்பிய முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். மூன்று வருடக் கணக்கில் பார்த்தாலும், இடையில் கொஞ்ச நாளாவது விழுந்தவர்கள் 12 சதவீதம். என் வார்டில் நான் ஆறு வருடம் பார்த்ததற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! ஹெராயினை விடுவது சுலபம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அந்தச் சிப்பாய்கள் ஹெராயினை விட்டபோதே அந்த இடத்தையும் போரையும் சேர்த்து விட்டு வந்தார்கள். இருந்தாலும், சிகிச்சைக்கு வந்தவர்களை மட்டும் வைத்து எல்லோரைப் பற்றியும் பேசக் கூடாது என்பது எனக்குச் சந்தேகமில்லாமல் புரிந்தது இந்த ஆய்வைப் படித்தபோதுதான்.

பயிற்சியாக ஒன்று செய்யுங்கள். ஏதாவது ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை எடுத்து, முடிவுரையைப் படிக்காமல் முறை என்ற பகுதியை மட்டும் படியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளில், "இதில் சேர ஒருவர் என்னென்ன வாசல் தாண்டி வந்திருக்க வேண்டும்?" என்று எழுதுங்கள். வீட்டில் இருந்திருக்க வேண்டும், கதவைத் திறந்திருக்க வேண்டும், அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும், அன்று நிதானத்தில் இருந்திருக்க வேண்டும். வீடுவீடாகப் போகும் சர்வேயில் சிறையில் இருப்பவர், தெருவில் படுப்பவர், மருத்துவமனையில் கிடப்பவர் வரவே மாட்டார்கள். நமக்கு முக்கியமானவர்களில் பலர் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஒரு பெக் என்றால் எவ்வளவு

இனி முதல் கேள்வி, எதை எண்ணுகிறோம் என்பது. குடியை எண்ண உலகம் முழுக்க உள்ள ஒரே நேர்மையான அளவு, சுத்த ஆல்கஹாலின் கிராம். கணக்கு எளிது. மில்லியை அதன் ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி, 0.79 ஆல் பெருக்குங்கள். 330 மில்லி பீர், 5 சதவீதம் என்றால் 16.5 மில்லி ஆல்கஹால். அதாவது 13 கிராம். 'ஒரு ட்ரிங்க்' என்று அறிக்கைகளில் வருவது நாட்டுக்கு நாடு வேறு: பிரிட்டனில் 8 கிராம், ஆஸ்திரேலியாவில் 10, அமெரிக்காவில் 14. இரண்டு நாட்டு அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதற்கு முன்னால் கிராமுக்கு மாற்றிவிடுங்கள்.

ஆனால் கணக்கு தெரிந்தால் மட்டும் போதாது. ஒரு முறை ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவரிடம் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். "தினமும் ரெண்டு பெக், அவ்வளவுதான்" என்றார். எங்கள் படிவத்தில் ஒரு பெக் என்றால் 30 மில்லி என்று அச்சடித்திருந்தோம். 40 சதவீத மதுவுக்கு அந்தக் கணக்கில் இரண்டு பெக்குக்கு 19 கிராம் வருகிறது. எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம். ஏனோ அன்று, பக்கத்தில் இருந்த கண்ணாடி டம்ளரையும் தண்ணீர் ஜாடியையும் அவர் பக்கம் நகர்த்தி, "வீட்டில் எப்படி ஊற்றுவீர்களோ அப்படி ஊற்றிக் காட்டுங்கள் ஐயா" என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. டம்ளரைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, பழகிய கையோடு ஊற்றி, ஒரு இடத்தில் நிறுத்தினார். அதை அளவுக் குவளையில் கொட்டிப் பார்த்தேன். ஒரு பெக்கே 90 மில்லி. இரண்டுக்கு, ஒரு நாளுக்கு 57 கிராம். அவர் பொய் சொல்லவில்லை, அவருடைய பெக் அதுதான். என் படிவம்தான் அவரை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கியிருந்தது. அன்றிலிருந்து ஒரு பிளாஸ்டிக் அளவுக் குவளை இல்லாமல் நான் பேட்டிக்குக் கிளம்புவதில்லை.

சர்வேயில் மக்கள் சொல்லும் குடியை எல்லாம் கூட்டினால், அந்த நாட்டில் விற்றுத் தீர்ந்த மதுவில் 40 முதல் 60 சதவீதம்தான் வழக்கமாகக் கணக்குக்கு வருகிறது. மீதி எங்கே என்று கேட்டால் பலரும் உடனே "பொய் சொல்கிறார்கள்" என்பார்கள். கொஞ்சம் பொய், நிறைய மறதி, பெரிய டம்ளர், அப்புறம் அதிகம் குடிப்பவர் சர்வேக்கே அகப்படாதது, எல்லாம் சேர்ந்ததுதான் அந்த மீதி.

மறதிக்கு நல்ல மருந்து காலண்டர். லிண்டா சோபெல், மார்க் சோபெல் தம்பதி உருவாக்கிய முறை இது. பேசுகிறவர் முன்னால் காலண்டரை விரித்து, முதலில் நினைவில் நிற்கும் நாட்களைக் குறிக்க வேண்டும். சம்பள நாள், பிறந்தநாள், காய்ச்சலில் படுத்த நாள். பிறகு அந்த நாட்களைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் போய், ஒவ்வொரு நாளும் எவ்வளவு என்று நிரப்ப வேண்டும். "மாதம் நாலைந்து நாள்" என்று சொன்ன ஒரு பெண்மணியுடன் இப்படி உட்கார்ந்தேன். மகனுக்குப் பரீட்சை முடிந்த நாளில் தொடங்கி, "அதுக்கு முந்தின ராத்திரியும்தான்... இல்ல, அந்த வாரம் முழுக்கவே" என்று அவரே விரலால் தொட்டுத் தொட்டுப் போனார். முப்பது நாளில் பதின்மூன்று. எண்ணி முடித்ததும் காலண்டரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அந்த இடத்தில் அவசரப்படாதீர்கள்.

கேள்வித்தாளைத் தமிழாக்கும்போது

புதிதாகக் கேள்வித்தாள் எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். குடிப்பழக்கத்தை மதிப்பிட உலக சுகாதார நிறுவனம் தயாரித்த ஆடிட் (AUDIT) கேள்வித்தாளை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். மொத்தம் பத்துக் கேள்வி. முதல் மூன்று அளவு பற்றி, அடுத்த மூன்று குடியைச் சார்ந்தே இருக்கும் நிலை பற்றி, கடைசி நான்கு குடியால் வந்த கெடுதல் பற்றி. மதிப்பெண் 0 முதல் 40 வரை. 8 அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்தான குடியாக இருக்கலாம் என்று கூடுதலாக விசாரிக்க வேண்டும். அது நோய்க்கான தீர்ப்பு இல்லை. முதலில் நீங்களே நிரப்புங்கள். பிறகு சத்தம் போட்டு வாசியுங்கள். அப்புறம் நம்பிக்கையான ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். வாய்விட்டுக் கேட்கும்போதுதான் எந்தக் கேள்வி தொண்டையில் சிக்குகிறது என்று தெரியும்.

தமிழில் கேட்கும்போது சிக்கல் கூடுகிறது. குடித்த பிறகு குற்ற உணர்வு வந்ததா என்று ஒரு கேள்வி உண்டு. நாங்கள் வைத்திருந்த மொழிபெயர்ப்பில் 'குற்ற உணர்ச்சி' என்று இருந்தது. சோதனைப் பேட்டியில் ஒருவர் சட்டென்று நிமிர்ந்து, "நான் எந்தக் குற்றமும் பண்ணலைங்க, போலீஸ் கேஸ் எதுவும் இல்ல" என்றார். 'குடித்ததை நினைத்து மனசு உறுத்தியதா?' என்று மாற்றினோம். உடனே பதில் வந்தது. 'கடந்த ஒரு வருடத்தில்' என்பதும் அப்படித்தான். சிலர் ஜனவரியிலிருந்து எண்ணினார்கள். 'இன்றிலிருந்து பின்னால் பன்னிரண்டு மாதம்' என்று சொல்லி, இதே மாதம் போன வருடம் என்ன நடந்தது என்று ஒன்றை நினைவுபடுத்திய பிறகுதான் சரியானது.

அதனால் மொழிபெயர்த்த கேள்வித்தாளை, மூலத்தைப் பார்த்தேயிராத ஒருவரிடம் கொடுத்து மூல மொழிக்குத் திரும்ப மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். பிறகு நாலைந்து பேரிடம் கேள்வியைப் படித்துவிட்டு, பதிலைக் கேட்காமல், "இதில் உங்களுக்கு என்ன புரிந்தது, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஒரு நாள் வேலைதான். மாதக்கணக்கில் சேர்க்கப்போகும் டேட்டாவை அது காப்பாற்றும்.

உண்மை பேச இடம் கொடுப்பது

கூச்சமான கேள்விக்கு ஆள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வது கஷ்டம். ஹெட்போனில் கேள்வியைக் கேட்டுத் திரையில் தானே பதிலைத் தொடும் முறையில் போதைப்பொருள் பழக்கத்தை ஒப்புக்கொள்வது கூடுகிறது. இதைவிட எனக்கு வியப்பாக இருந்தது, வார்னர் 1965ல் முன்வைத்த யோசனை. அதன் எளிய வடிவம் இது: கூச்சமான கேள்வியைக் கேட்டு, நாணயத்தை மறைவாகச் சுண்டச் சொல்லுங்கள். தலை விழுந்தால் எதுவாக இருந்தாலும் 'ஆம்' என்று சொல்லட்டும், பூ விழுந்தால் உண்மையைச் சொல்லட்டும். நூறு பேரில் 60 பேர் 'ஆம்' என்றால், சுமார் 50 பேர் நாணயத்தால் சொன்னவர்கள். மீதி ஐம்பதில் 10 பேர் உண்மையில் ஆம், அதாவது 20 சதவீதம். யார் அந்தப் பத்துப் பேர் என்று உங்களுக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது. கூட்டிச் சொல்கிறவர்களும் உண்டு என்பதை மறக்காதீர்கள். ஐரோப்பியப் பள்ளி மாணவர் சர்வேயில் 'ரெலெவின்' என்று உலகத்தில் இல்லாத ஒரு மருந்தின் பெயரையும் பட்டியலில் சேர்த்தார்கள், அதையும் சாப்பிட்டேன் என்பவரைப் பிடிப்பதற்காக.

ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனை இருந்தால் இந்தக் கஷ்டமெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் அது பார்க்கும் ஜன்னல், அதாவது எத்தனை நாள் பின்னால் வரை பார்க்கும் என்பது, வேறு. குடித்தபின் உடலில் உருவாகும் தடயங்களில், சிறுநீரில் எத்தில் குளுக்குரோனைடு சுமார் மூன்று நாள் வரை காட்டும். ரத்தத்தில் பாஸ்பாட்டிடில் எத்தனால் இரண்டு முதல் நான்கு வாரம். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், மூன்று சென்டிமீட்டரில் மூன்று மாதக் கதை இருக்கும். தினமும் கஞ்சா பிடித்தவர் நிறுத்திச் சில வாரம் ஆனபின்னும் சிறுநீரில் தெரியலாம். ஆகவே பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றால், அந்த ஜன்னலுக்குள் ஒன்றும் இல்லை என்றுதான் எழுத வேண்டும்.

பட்டியலே இல்லாதவர்களை எண்ணுவது

போதைப்பொருளை ஊசியாகப் போட்டுக்கொள்பவர்களின் பட்டியல் எங்கேயும் கிடையாது. ஹெக்கத்தோர்ன் என்ற ஆய்வாளர் 1997ல் எழுதிய முறையில், முதலில் சிலரைப் பேட்டி எடுத்து, ஆளுக்கு மூன்று கூப்பன் போலக் கொடுத்துத் தெரிந்தவர்களை அனுப்பச் சொல்வார்கள். "இப்படி எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்?" என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். நிறையப் பேரைத் தெரிந்தவர் மாதிரிக்குள் வரும் வாய்ப்பு அதிகம். அதற்கேற்ப அவருடைய பதிலின் எடையைக் குறைக்க அந்த எண் வேண்டும்.

இன்னொன்று, இரண்டு பட்டியல்களை ஒப்பிடுவது. சிகிச்சைப் பட்டியலில் 200 பேர், பழைய ஊசியை வாங்கிப் புது ஊசி மாற்றித்தரும் மையத்தில் 150 பேர், இரண்டிலும் இருப்பவர் 30 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200ஐ 150ஆல் பெருக்கி 30ஆல் வகுத்தால் 1000. மொத்தம் சுமார் ஆயிரம் பேர். ஒரு பட்டியலில் இருப்பது இன்னொன்றில் இருப்பதைப் பாதிக்காது என்ற நிபந்தனை உண்டு. மையமே ஆட்களைச் சிகிச்சைக்கு அனுப்பிவைத்தால் 30 என்பது ஊதி, ஆயிரம் என்பது சுருங்கிவிடும்.

ஒப்பிடும்போது

மிதமாகக் குடிப்பவர் குடிக்காதவரைவிட அதிக நாள் வாழ்கிறார் என்ற செய்தியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஷேப்பர் 1988ல், 7,735 பிரிட்டிஷ் ஆண்களைத் தொடர்ந்த ஆய்வை வைத்து ஒரு கேள்வி எழுப்பினார்: குடிக்காதவர் என்ற குழுவில் இருப்பது யார்? உடம்பு கெட்டுப்போய்க் குடியை விட்டவர்களும் அதற்குள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடன் ஒப்பிட்டால் யாரும் ஆரோக்கியமாகத்தான் தெரிவார்கள். உங்கள் படிவத்தில் 'என்றுமே குடித்ததில்லை', 'விட்டுவிட்டேன்' என்று இரண்டு கட்டங்கள் தனித்தனியாக இருக்கட்டும்.

சராசரியையும் தனியாக நம்பாதீர்கள். பத்துப் பேரில் ஏழு பேர் குடிப்பதில்லை, இருவர் 10 கிராம், ஒருவர் 180 கிராம். சராசரி 20 கிராம். அந்தப் பத்தில் 20 கிராம் குடிக்கும் ஆளே இல்லை. முதலில் வரைபடம் போட்டுப் பாருங்கள், பூஜ்யம் எத்தனை என்று எண்ணுங்கள், பிறகு மற்றதைச் செய்யுங்கள்.

இதைப் பழக சொந்த டேட்டா வேண்டியதில்லை. அமெரிக்காவின் தேசியப் போதைப்பொருள் சர்வேயின் பொதுக் கோப்புகள் இலவசமாக இறக்கிக்கொள்ளக் கிடைக்கின்றன. கணக்கிடப் பயன்படும் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளும் இலவசம். அந்த டேட்டாவில் வந்த கட்டுரை ஒன்றை எடுத்து, அதன் முதல் அட்டவணையை நீங்களே உருவாக்கப் பாருங்கள். எண்கள் பொருந்தாது. ஏன் பொருந்தவில்லை என்று தேடும் இரண்டு வாரத்தில் நான் கற்றது, அதற்கு முன் வகுப்பில் உட்கார்ந்து கற்றதைவிட அதிகம்.

எண்ணில் அடங்காததும் உண்டு. ஹோவர்ட் பெக்கர் 1953ல் ஐம்பது பேரிடம் பேசி, கஞ்சாவின் போதையை மனிதர்கள் மற்றவரிடமிருந்து அடையாளம் கண்டு ரசிக்கக் கற்றுக்கொள்கிறார்கள் என்று காட்டினார். அந்த மாதிரிப் பேட்டிக்குப் போனால் "ஏன் குடிக்கிறீர்கள்?" என்று கேட்காதீர்கள். அது விசாரணைபோல் ஒலிக்கும், தயாரித்த பதில்தான் வரும். "முதல் தடவை எப்படி நடந்தது, அன்றைக்குக் காலையிலிருந்து சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.

எதிரில் உட்கார்ந்திருப்பவர்

இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்துவிட்டது என்பதோடு நம் பொறுப்பு முடியவில்லை. போதையில் இருப்பவரிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கக் கூடாது. இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லி எழுந்துவிடுங்கள். பெயர் ஒரு தாளில், பதில் இன்னொரு தாளில், இரண்டையும் இணைக்கும் எண் பூட்டிய வேறு இடத்தில். தினமும் நிறையக் குடிப்பவர் உங்களோடு பேசிவிட்டு உணர்ச்சிவசப்பட்டு, "நாளையிலிருந்து ஒரு சொட்டு தொட மாட்டேன்" என்பார். மகிழ்ச்சியோடு தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் உயிராபத்தான குழப்ப நிலையும் வரலாம். மருத்துவரைப் பார்த்து நிறுத்தச் சொல்லி, எங்கே போவது என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

வார்த்தையும் முக்கியம். ஜான் கெல்லி 2010ல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட மனநலத் துறையினரிடம் ஒரே நோயாளியின் குறிப்பைக் கொடுத்தார். ஒரு பாதிக்குப் போன குறிப்பில் அவரைப் போதைப்பொருளைத் தவறாகப் பயன்படுத்துபவர் என்றும், மறு பாதியில் போதைப்பொருள் பயன்பாட்டுக் கோளாறு உள்ளவர் என்றும் இருந்தது. முதல் வகையைப் படித்தவர்கள், அவர்மீதே பழி போடவும் தண்டனையை ஆதரிக்கவும் அதிகம் சாய்ந்தார்கள். படித்து, பயிற்சி பெற்றவர்களே அப்படி. 'குடிகாரன்' என்ற சொல் நம் படிவத்திலும் வேண்டாம், டீம் மீட்டிங்கிலும் வேண்டாம். மீட்டிங்கில் பழகும் சொல் பேட்டியில் வாயில் வந்துவிடும்.

இவ்வளவும் படித்த பிறகு ஐந்து சோதனைப் பேட்டிகள் எடுங்கள். அதற்கு மேல் தள்ளிப்போட வேண்டாம். பையில் படிவம், காலண்டர், பென்சில், அளவுக் குவளை, உதவிக்கு அனுப்ப வேண்டிய இடங்களின் பட்டியல் இருக்கட்டும். ஒவ்வொரு பேட்டி முடிந்ததும் அங்கேயே ஒரு ஓரமாக உட்கார்ந்து, எந்தக் கேள்வியில் அவர் தயங்கினார், எதைத் திரும்பக் கேட்டார் என்று எழுதுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் மறந்துவிடும். ஐந்தும் முடிந்ததும் படிவத்தைத் திருத்தி, மேலே தேதியும் இரண்டாம் வடிவம் என்றும் போடுங்கள். முதல் வடிவத்தைக் கிழித்துப் போடாமல், ஓரத்தில் எழுதிய குறிப்புகளோடு அதே கோப்பில் வையுங்கள்.